தர்மம் வேண்டாம், பாக்கியைக் கொடுங்கள்!

தொழிலதிபர்கள் மாநாடு கூடும் இடங்களிலெல்லாம் இப்போது ஒரே பல்லவிதான் கேட்கிறது. சமுதாய வளர்ச்சியில் தொழில் நிறுவனங்களுக்கும் பெரும் பங்குண்டாம். சம்பாதித்ததில் ஒரு பகுதியைச் சமுதாயத்துக்குத் திருப்பித் தருகிறார்களாம். குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், மந்திரிகள் கையால் விருது வாங்குகிறார்கள், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டிக்கொடுத்த கழிப்பறையைப் படம் பிடித்து ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டுக்கொள்கிறார்கள்.

நல்லது. திருப்பித் தருகிறேன் என்று சொல்பவர், முதலில் எடுத்தது எவ்வளவு என்று கணக்குச் சொல்ல வேண்டாமா? அந்தக் கணக்கைத்தான் நாம் கேட்கிறோம். டில்லிக்கு வந்து செங்கல் சுமந்து, கலவை குழைத்து, பாத்திரம் துலக்கி, வாசலில் காவல் நின்று வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

இரண்டு ரூபாய்க் கணக்கு

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்தது. ஓர் அளவுக்கு மேல் சொத்தோ, விற்பனையோ, இலாபமோ உள்ள கம்பெனிகள், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது அந்தப் பிரிவு. கல்வி, மருத்துவம், குடிநீர் என்று நீளும் பட்டியலில் குடிசைப் பகுதி மேம்பாடும் இருக்கிறது. கம்பெனி இயங்குகிற இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். 2022-23ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இந்தக் கணக்கில் காட்டப்பட்ட செலவு ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய்.

பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் நூறு ரூபாய் இலாபத்தில் இரண்டு ரூபாய்தான் அது. அந்த நூறு ரூபாய் எப்படி வந்தது என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. கூலியை ஒழுங்காகக் கொடுத்து வந்ததா, குறைத்துக் கொடுத்து வந்ததா? தொழிலாளியின் பிராவிடண்டு பண்டைக் கட்டி வந்ததா, கட்டாமல் வந்ததா? இதையெல்லாம் கேட்காமலே விருது வழங்கப்படுகிறது.

இதே விதிகளில் இன்னொரு வாசகமும் உண்டு. கம்பெனியின் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்தரும் செலவு, சமூகப் பணிக் கணக்கில் சேராது. இந்த விதி நியாயமானது. ஊழியருக்குச் செய்வது கடமை, அதைத் தர்மக் கணக்கில் எழுதக் கூடாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. நாம் சொல்வதும் அதுவே! ஆனால் கம்பெனி வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற காவலாளியும், அதே கட்டடத்தில் கக்கூஸ் கழுவுகிற பெண்ணும் கம்பெனியின் ஊழியர் ஏட்டில் இல்லை. அவர்கள் காண்டிராக்டரின் ஆட்கள். கடமையின் கணக்கிலும் அவர்கள் விழுவதில்லை, தர்மத்தின் கணக்கிலும் விழுவதில்லை. இரண்டு நாற்காலிக்கும் நடுவே தரையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் நம் ஆட்கள்தான்.

கடன்பட்டவர் யார்?

ஜங்க்புரா மதராசி கேம்ப்பை நினைத்துப் பாருங்கள். பாராபுல்லா நாலாவின் கரையில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்த இடம் அது. நாலாவில் வெள்ளம் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக டில்லி உயர்நீதிமன்றம் 2025 மே 9 அன்று உத்தரவிட்டது. ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 குடிசைகள் இடிக்கப்பட்டன. தகுதி உள்ளவர்கள் என்று அதிகாரிகள் எழுதிக்கொண்ட குடும்பங்களுக்கு, ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில் வீடு. தகுதி இல்லை என்று தள்ளப்பட்ட 150-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. ஐம்பது வருஷம் டில்லியில் வேலை செய்தவனுக்கு எந்த ஊர், எந்த வேலை?

நீதிமன்றத்தின் உத்தரவைப் பற்றி இங்கே நாம் வாதாட வரவில்லை. வேறொரு கேள்வி கேட்கிறோம். நாலாக்கரையில் ஏன் குடியேறினார்கள்? டில்லியில் கொடுக்கப்பட்ட கூலி, டில்லியில் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கப் போதவில்லை. ஆகவே தகரமும் தார்ப்பாயும் வாங்கித் தாங்களே கூரை போட்டுக்கொண்டார்கள். அந்தக் கூரைக்கு எந்த முதலாளியும் ஒரு காசு கொடுக்கவில்லை. வாடகைப் பணம் கூலியில் சேரவில்லை. அதனால் வேலை மலிவாக முடிந்தது. வேலை மலிவாக முடிந்ததால் கட்டடக் காண்டிராக்டருக்கும் கடைக்காரருக்கும் பங்களாக்காரருக்கும் பணம் மிச்சமானது. நாலாவின் நாற்றத்தையும் கொசுவையும் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஐம்பது வருஷமாக இந்த நகரத்தின் வியாபாரத்துக்கு மானியம் கொடுத்து வந்தவர்கள் குடிசைவாசிகள்தான். அவர்களுக்குப் பட்டம் என்ன தெரியுமா? ஆக்கிரமிப்பாளர்கள்!

ஜங்க்புராவிலும் போகலிலும் நிஜாமுதீனிலும் வீட்டு வேலை செய்த நம் தாய்மார்கள் நரேலாவிலிருந்து காலை ஏழு மணிக்கு அங்கே வந்து நிற்க வேண்டுமானால், விடியுமுன் பஸ் ஏற வேண்டும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மூன்று வீடு பார்த்தவர் ஒரு வீடுதான் பார்க்க முடியும். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளி எட்டாத தூரமாயிற்று. வேலை கொடுத்தவர்களுக்கு என்ன நஷ்டம்? மறு வாரம் வேறு ஒருத்தி வருவாள். அவளும் வேறொரு நாலாக்கரையிலிருந்து வருவாள். குடிசைப் பகுதி மேம்பாடு என்று சட்டப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறதே, கம்பெனிகள் நிறைந்த இந்தத் தலைநகரில் அந்த வரி எந்த நாலாக்கரையை வாழவைத்தது?

பள்ளிக்கூடமும் கட்டினார்கள், வழக்கும் போட்டார்கள்

முதலாளிகளின் கருணை புதிய சரக்கல்ல. சென்னைப் பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகள் இருந்தன. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், குடியிருப்பு, பண்டகசாலை என்று அக்காலத்திலேயே நடத்தி, நல்ல முதலாளி என்று பெயர் வாங்கிய கம்பெனி அது. ஆனால் அதே ஆலையில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. தாமதமாக வந்தவனுக்குக் கதவு சாத்தப்பட்டது. அதைக் கேட்க 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு முதலியோர் அதை வளர்த்தவர்கள்.

பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்த கம்பெனி சங்கத்தை எப்படி வரவேற்றது? கதவடைப்புச் செய்தது. சங்கத் தலைவர்கள்மேல் உயர்நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டது. நீதிமன்றமும் தலைவர்களுக்குத் தடை விதித்தது. சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அதிலிருந்துதான் ஓங்கியது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இடையில் 1921 வேலைநிறுத்தத்தின்போது பெரம்பூரில் போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் மடிந்தார்கள்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. முதலாளி விரும்பிக் கொடுப்பதை விரும்பியபோது நிறுத்தவும் செய்வான். தொழிலாளி கேட்டுப் பெற்றதைப் பறிப்பதற்குத்தான் அவன் நீதிமன்றத்துக்கும் போலீசுக்கும் போக வேண்டியிருக்கிறது. பின்னியின் பள்ளிக்கூடத்தை நன்றியோடு நினைப்பவர்கள் நினைக்கட்டும். இந்தியத் தொழிலாளி முழுவதற்கும் பயன்பட்டது எது? பெரம்பூர்த் தொழிலாளி வாங்கிக் கொடுத்த சங்க உரிமை!

டில்லி மறந்த தீர்ப்பு

பெரம்பூர் வெகு தூரம் என்றால் டில்லிக்கே வருவோம். 1982இல் ஏஷியாட் விளையாட்டுக்காக மேம்பாலங்களும் மைதானங்களும் எழுந்தன. பல மாநிலங்களிலிருந்து ஏழைகளை ஜமாதார்கள் கூட்டி வந்தார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 9 ரூபாய் 25 காசு. ஜமாதார் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தான். ஜனநாயக உரிமைக்கான மக்கள் சங்கம் ஒரு கடிதம் எழுதியது. சுப்ரீம் கோர்ட் அதையே மனுவாக எடுத்துக்கொண்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சாசனத்தின் 23ஆவது விதி தடுக்கிற பலவந்த உழைப்பே என்று 1982 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.

எத்தனை பெரிய வார்த்தை! குறைந்த கூலி கொடுப்பவன் கருமி அல்ல, அடிமை வேலை வாங்குகிறவன் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் 28 வருஷம் கழித்து, 2010இல் காமன்வெல்த் போட்டிக்காக அதே டில்லியில் கட்டட வேலை நடந்தபோது, உயர்நீதிமன்றம் அமைத்த குழு போய்ப் பார்த்து, குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்படவில்லை, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

அதற்குப் பத்து வருஷம் கழித்து லாக்டவுன் வந்தது. 2020 மார்ச் 28 அன்று ஆனந்த் விஹார் பஸ் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு குவிந்த ஆயிரக்கணக்கானோரை நாம் மறக்க முடியுமா? அதே மார்ச் 28 அன்று, புதிதாகத் தொடங்கிய பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கம்பெனிகள் கொடுக்கும் பணம் சமூகப் பணிக் கணக்கில் சேரும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் அறிவித்தது. ஏப்ரல் 10 அன்று அதே அமைச்சகம் இன்னொரு விளக்கம் கொடுத்தது: லாக்டவுன் காலத்தில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது, அது முதலாளிகளின் தார்மீகக் கடமை. தினக்கூலிகளுக்குக் கொடுப்பதும் அப்படியே.

சரி, கடமை என்றால் கடமையாகவே இருக்கட்டும் என்று நாம் ஏற்றுக்கொள்வோம். கடமையைச் செய்தார்களா? முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் போட்ட ஆணையை எதிர்த்து முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மே 18இலிருந்து அந்த ஆணையே கைவிடப்பட்டது. கொடுக்காதவர்கள்மேல் கட்டாய நடவடிக்கை வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூன் 12 அன்று நீதிமன்றம் சொன்னது. ரயில்வே லைன் ஓரமாக நடந்து ஊர் போய்ச் சேர்ந்தவன் யாரோடு உட்கார்ந்து பேசுவான்? நிதிக்குக் கொடுத்ததற்கு ரசீது உண்டு, பெருமை உண்டு. கூலிக்கோ, முதலாளியின் மனச்சாட்சியே ஜாமீன்!

நம் பெயரில் இருக்கும் பணம்

தர்மத்துக்குக் கையேந்த வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பணமும் இருக்கிறது. கட்டடம் கட்டுகிறவர் கட்டடச் செலவில் 1 சதவீதத்தைத் தொழிலாளர் நல நிதிக்குச் செஸ்ஸாகக் கட்ட வேண்டும் என்று 1996இல் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. செஸ் அங்கேயும் உண்டு. 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் இந்த நிதியின் கதையை அம்பலப்படுத்தியது. நாடு முழுவதும் வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். செலவானது சுமார் 9,500 கோடி. தொழிலாளிக்கு வாஷிங் மிஷினும் லாப்டாப்பும் வாங்கியதாகவும் கணக்கு எழுதியிருந்தார்கள்! குடிசையில் ஒரு பல்புக்கு மின்சாரம் இல்லாதவனுக்கு வாஷிங் மிஷின்!

இந்தப் பணம் சரியாக வந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தோம். 2024 குளிர்காலத்தில் காற்று மாசு காரணமாக டில்லியில் கட்டட வேலைகள் நிறுத்தப்பட்டபோது, வேலை இழந்தவர்களுக்குச் செஸ் நிதியிலிருந்து பிழைப்பூதியம் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. டில்லியில் பதிவு பெற்றிருந்த சுமார் 90,000 பேருக்குத் தலா 8,000 ரூபாய் கிடைத்தது. எந்தக் கம்பெனியின் கருணையும் இல்லாமல், விளம்பரப் பலகை இல்லாமல், உரிமையாக வந்த பணம் அது. கார்டு இல்லாதவர்கள் அதே புகையைச் சுவாசித்துக்கொண்டு வெறுங்கையோடு இருந்தார்கள்.

அவர்கள் சொல்லும் பதில்

தொழில் நடந்தால்தானே வேலை கிடைக்கும், முதலாளியைத் திட்டினால் பிழைப்பு எங்கே என்று சிலர் கேட்பார்கள். நம்மவர்களிலேயே கேட்பவர்கள் உண்டு. வேலைக்காகத்தான் நாமும் தமிழ்நாட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தோம். தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேலை கொடுப்பது உபகாரம் அல்ல, கொடுக்கல் வாங்கல் என்கிறோம். கடையில் சாமான் வாங்கினால் விலை கொடுக்கிறோம். கடைக்காரருக்குத் தர்மம் செய்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரிகள் கட்டவில்லையா, மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்கவில்லையா என்றும் கேட்பார்கள். கொடுத்தார், அவர் பெயர் வாழட்டும். தன் செல்வத்தைக் கொடுத்தவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. நம் சண்டை, பிறர் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அதில் ஒரு துளியைத் தானம் என்று தெளிப்பவர்களோடுதான்.

கையெழுத்தின் பலம்

கம்பெனிகள் சமுதாயத்துக்கு நல்லது செய்ய முடியாதா? முடியும். அதற்கு வழி, அவர்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 2013 ஏப்ரலில் வங்காளதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் மாண்டார்கள். சமூகப் பொறுப்புத் தணிக்கை நடத்தப்பட்ட ஆலைகளும் அந்தக் கட்டடத்தில் இருந்தன. தணிக்கைக் காகிதம் சுவரைத் தாங்கவில்லை. அதன் பிறகுதான் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் வெளிநாட்டுக் கம்பெனிகள் கையெழுத்திட்டன.

நம் திண்டுக்கல்லிலும் அப்படி ஒன்று நடந்தது. 2021 ஜனவரியில் ஒரு துணி ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். ஆலையில் பெண்கள் படும் தொல்லைகள் வெளியே வந்தன. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்கள் தலைமை தாங்கும் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கத்தோடு ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது; அங்கே துணி வாங்கும் எச் அண்ட் எம், காப், பி.வி.எச். கம்பெனிகளும் கட்டுப்பட்டன. ஆலைக்குள் தொழிலாளிகளே கண்காணிக்கிறார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்த பெண்கள், கடல் கடந்த கம்பெனிகளைக் கையெழுத்திட வைத்தார்கள். டில்லியில் நம்மால் ஏன் முடியாது?

நாம் கேட்பது

ஒன்று: காண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலை வாங்கும் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. காவலாளி, துப்புரவுப் பணியாளர், சுமைக்காரர் எல்லோருடைய கூலியும் பி.எப்.பும் இ.எஸ்.ஐ.யும் பாக்கியின்றிக் கட்டப்பட்டதைக் காட்டாத எந்தக் கம்பெனிக்கும் சமூகப் பணி விருது கொடுக்கக் கூடாது.

இரண்டு: குடிசைப் பகுதி மேம்பாட்டுக்கு ஒதுக்கும் பணத்தை, வேலைக்குப் பக்கத்திலேயே வீடு கட்டச் செலவிட வேண்டும். எந்த பஸ்திக்கு என்ன தேவை என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அந்த பஸ்தி மக்கள் உட்கார வேண்டும்.

மூன்று: செஸ் நிதியில் பதிவு செய்யும் முகாம்களை லேபர் சௌக்கிலும் கட்டட வாசலிலும் நடத்த வேண்டும், மாநிலம் மாறினால் உரிமை செத்துப்போகக் கூடாது.

நான்கு: வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குத் தனிச் சட்டம் வேண்டும். அதற்கான குழுவை அமைக்கும்படி சுப்ரீம் கோர்ட் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் 2007இலேயே வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்துவிட்டது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வேலைக்குப் போன நாளையும் வாங்கிய கூலியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட் பாஸையும் காண்டிராக்டரின் பெயரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பி.எப். பிடிக்கிறார்கள் என்றால் நம்பர் கேளுங்கள். கட்டட வேலை செய்பவர்கள் 90 நாள் வேலைக்குச் சான்று வாங்கிப் பதிவு செய்யுங்கள். கார்டைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். பின்னால் பாக்கியைக் கேட்கும்போது இந்த நோட்டுத்தான் நமக்குச் சாட்சி.

போர்வை கொடுக்க வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்; டில்லிக் குளிர் பொல்லாதது. ஆனால் போர்வையை வாங்கிய கையாலேயே கூலி நோட்டைப் பிரித்துக் காட்டுங்கள். ஐயா, இது உங்கள் அன்பு, சந்தோஷம். எங்கள் பாக்கி எப்போது என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஆகவே பஸ்தி முழுவதும் சேர்ந்து கேட்போம்!